வாடை இல்லாத போதை

நேயர்களுக்கு வணக்கம். சம்பா அறுவடை நேரம் இது. மன்னார்குடிப் பக்கம், திருவாரூர்ப் பக்கம் எந்த வயலுக்குப் போனாலும் அறுவடை மிஷின் சத்தம்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பழைய தண்ணீர் பாட்டில் ஒன்று கிடக்கும். உள்ளே பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ இருப்பது ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட். பார்த்தால் கலர் சோடா மாதிரி இருக்கும், நாக்கில் பட்டால் இனிக்கவும் செய்யும். என் பயமெல்லாம் அந்த பாட்டில்மேல்தான்.

பெரும்பாலான கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைகால். பெரியவர்கள் உயிரைப் பறிக்கவே 100 மில்லி போதும். குழந்தைக்கு அவ்வளவுகூட வேண்டாம். குடித்துச் சற்று நேரத்தில் பேச்சு குழறும், கால் தள்ளாடும். 'தண்ணி போட்டிருக்கான், தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்' என்று களத்து ஓரமாகப் படுக்க வைத்துவிடுவார்கள். சாராய வாடை வருகிறதா என்று யாரும் மோந்து பார்ப்பதில்லை. அந்தத் தூக்கத்தில்தான் கல்லீரல் கிளைகாலை உடைத்து அமிலமாக்குகிறது. மூச்சு வாங்கும். கடைசியில் உண்டாகும் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து பொடிப்பொடிப் படிகங்களாகச் சிறுநீரகத்திலும் மூளையின் ரத்தக் குழாய்களிலும் படியும். வலிப்பு வரலாம். ஓரிரு நாளில் சிறுநீர் நின்றுபோகலாம்.

கிளைகால் அப்படி அமிலமாக உடைவதைத் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மருந்து உண்டு. அது கிடைக்காத இடத்தில் டாக்டர்கள் ஆல்கஹாலையே அளந்து கொடுப்பார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் குவார்ட்டரைத் திறந்துவிடாதீர்கள்! ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை அது. அப்புறம் டயாலிசிஸ்.

பிழைத்தவர்களில் சிலருக்கு, கண்டம் தாண்டியது என்று வீட்டார் மூச்சுவிடும்போது, ஒரு வாரம் கழித்து முகம் செயலிழக்கும். உதடு ஒட்டாததால் 'அம்மா' என்றுகூடச் சொல்ல வராது. கஞ்சி கடைவாயில் வழியும், விழுங்கினால் புரையேறும். புத்தி பேதலித்துவிட்டது என்று உறவுக்காரர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு பேனாவும் தாளும் கொடுத்துப் பாருங்கள். பேரும் ஊரும் சரியாக எழுதினால், சொல்லெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. முகத்துக்கும் தொண்டைக்கும் போகிற நரம்புகள்தான் அடிபட்டிருக்கின்றன. மூளையே பாதிக்கப்பட்டு நினைவும் கவனமும் மங்குகிறவர்களும் உண்டு. அது வேறு சிக்கல். நரம்புக் கோளாறு மட்டும் என்றால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சியோடு பலருக்குத் தேறும்.

ஆகவே, குடிக்காத மனிதர் திடீரென்று குழறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பக்கத்தில் கிடக்கும் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.