20 அடிக் கன்டெய்னருக்குள் எத்தனை டன் முண்டு மிளகாய் போகும்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். போன தடவை காலிக் கன்டெய்னருக்குள் ஆள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதைப் பற்றிப் பேசினேன். அதை ஒட்டி வந்த கேள்விகளில் ஒன்று என்னை நாலு நாளாக விடவில்லை. இன்றைக்கு அது ஒன்றுதான்.

ஆர்.எஸ். மங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணே, எங்கள் வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் முண்டு மிளகாய் போடுகிறோம். கொழுந்தனார் மலேசியாவில், கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சரக்கு அனுப்பச் சொல்கிறார். 20 அடி கன்டெய்னருக்குள் எத்தனை டன் முண்டு போகும்? அமுக்கிக் கட்டினால் எவ்வளவு கூடும்? இடம் மிச்சமிருந்தால் கூடவே கருவாடும் போடலாமா?"

முதலில், கேட்டதற்குப் பதில். 20 அடிப் பெட்டியின் உள்ளளவு நீளம் 5.9 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39. பெருக்கினால் 33 கன மீட்டர். மூட்டைக்கு மூட்டை விழுகிற சந்து, கூரைக்குக் கீழே விடுகிற இடைவெளி எல்லாம் போக 27, 28 தான் கைக்கு வரும். உங்கள் மூட்டை ஒன்றைக் கட்டி, நீள அகல உயரம் அளந்து, எடையும் போடுங்கள். அப்படி எத்தனை மூட்டை 27 கன மீட்டருக்குள் அடங்கும் என்று வகுத்தால் டன் கணக்கு வந்துவிடும். பெட்டி எவ்வளவு எடை தாங்கும் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம், அது அரிசி, உப்பு ஏற்றுகிறவர்கள் கவலை. முண்டு உருண்டை, உள்ளே காற்றுதான். எடை நிறைவதற்கு ரொம்ப முன்னாலேயே இடம் நிறைந்துவிடும். இருந்தாலும் சரக்கோடு சேர்த்துப் பெட்டியின் எடையைச் சரிபார்த்து எழுதிக் கொடுத்தாக வேண்டும். வி.ஜி.எம். என்பார்கள். 2016 ஜூலையிலிருந்து அது இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள்.

சரி, இப்போது என்னைத் தூங்கவிடாத பகுதிக்கு வருகிறேன். "அமுக்கிக் கட்டினால் எவ்வளவு கூடும்?"

நன்றாகக் காய்ந்த முண்டை அமுக்கினால் உடையும். உடைந்தால் விதை கொட்டும், உருண்டை போய்விடும். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். வாங்குகிறவர் அந்த உருண்டையையும் தடித்த தோலையும் பார்த்துத்தான் வாங்குகிறார். அப்படியானால் உடையாமல் அமுக்குவது எப்படி? எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. லேசாகத் தண்ணீர் தெளித்து ஒரு ராத்திரி மூடி வைப்பது. வத்தல் நமுத்துப்போய் வளைந்து கொடுக்கும், மூட்டைக்குள் கூடுதலாகப் போகும், எடையும் ஏறும். சந்தைக்குக் கொண்டுபோய் அன்றைக்கே விற்கிற சரக்குக்கு இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் தப்புதான். கன்டெய்னரில் ஏறுகிற சரக்குக்குச் செய்தால் அது சரக்கையே அழித்துவிடும்.

இந்தக் கணக்கை முன்பும் போட்டுக் காட்டியிருக்கிறேன், இன்னொரு தடவை போடுகிறேன். பேச்சுக்கு 5 டன் வத்தல் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் எவ்வளவு தண்ணீர்? 500 லிட்டர். வீட்டுக்கு வாங்குகிறோமே 20 லிட்டர் கேன், அந்தக் கேனில் 25. இது நன்றாகக் காய்ந்த சரக்கில். நமுத்த சரக்கு 14 சதவீதம் என்றால் 700 லிட்டர், 35 கேன். தண்ணி இல்லாக் காடு என்று நம்ம மாவட்டத்துக்குப் பெயர். அங்கிருந்து 35 கேன் தண்ணீரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சீல் போட்டு, மலேசியாவுக்கு அனுப்புகிறோம். அதில் 10 கேன் நாமே தெளித்தது.

அந்தத் தண்ணீர் உள்ளே சும்மா இருக்குமா? இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்து கவிழ்த்துப் பாருங்கள், எத்தனை சொட்டு! கீழே கொதித்த தண்ணீர் ஆவியாகி மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டாகிவிடுகிறது. கன்டெய்னர் அந்தச் சட்டி மாதிரிதான். கூரை இரும்புத் தகடு. பகலில், பெட்டிகளை அடுக்கி வைக்கிற துறைமுக யார்டில் வெயில் காயும்போது உள்ளே சூடேறி, வத்தலில் இருக்கிற ஈரம் காற்றுக்கு வருகிறது. ராத்திரி கூரை குளிர்ந்ததும் அந்த ஈரம் தகட்டின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்து, மேல் வரிசை மூட்டைகள் மீது மழையாக விழுகிறது. மறுநாள் திரும்பவும் வெயில், திரும்பவும் ஆவி. தூத்துக்குடியில் ஏறும் பெட்டி பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறும். அங்கேயும் யார்டில் காத்திருக்கும். ஒவ்வொரு ராத்திரியும் இந்த மழை உண்டு. பெட்டியின் பக்கச் சுவரில் இருக்கிற காற்றுத் துளைகளை நம்பாதீர்கள், ஒரு லோடு ஈரத்தை வெளியே தள்ள அவை போதாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை பார்த்த காலம். ஐப்பசி அடைமழை. ஒரு வியாபாரியின் மிளகாய் லோடு வந்தது, ஸ்டஃபிங், அதாவது பெட்டிக்குள் மூட்டை ஏற்றுவது நடக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். ஒரு மூட்டையில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. உள்ளுக்குள் உறுத்தியது, ஆனால் கப்பலுக்குப் பெட்டியைக் கொடுக்க வேண்டிய கடைசி நேரம் (கட்-ஆஃப்) நெருங்கிவிட்டது, நான் வாயைத் திறக்கவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் கதவைத் திறந்து போட்டோ அனுப்பினார்கள். கீழ் மூட்டைகள் நன்றாக இருக்கின்றன. மேல் இரண்டு வரிசை மட்டும் வெள்ளையாகப் பூசணம். அதுவும் கூரைத் தகட்டின் மடிப்பு எப்படி ஓடுகிறதோ அதே மாதிரி, வரி வரியாக.

வியாபாரி கடல் தண்ணீர் புகுந்துவிட்டது என்று இன்சூரன்ஸ் கேட்டார். சேதத்தைப் பார்க்கிற சர்வேயர் வந்தார். அவர் கையில் ஒரு சின்னப் பாட்டில், சில்வர் நைட்ரேட் கரைசல். நனைந்த சாக்கில் சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். கடல் தண்ணீர் என்றால் உப்பினால் பால் மாதிரி வெளுக்கும். இது வெளுக்கவில்லை. அப்படியானால் வந்தது நல்ல தண்ணீர். பெட்டியில் ஓட்டையும் இல்லை. மிளகாயிலிருந்தே வந்த தண்ணீர். சரக்கின் தன்மையாலேயே வந்த சேதத்துக்குப் பாலிசி பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பாலிசியில் அப்படித்தான் எழுதியிருக்கும், நீங்களும் வாசித்துப் பாருங்கள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு அந்த நஷ்டம் வந்திருக்காது. அதனால்தான் ஈரத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறேன்.

பூசணத்தைத் தட்டிவிட்டு மறுபடி காயவைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மிளகாயில் வரும் சில வகைப் பூசணம் அஃப்லாடாக்சின் என்ற விஷத்தை விட்டுவிட்டுப் போகும். வெயிலில் போட்டாலும் வறுத்தாலும் அது போய்விடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய்க்கு அனுமதிக்கிற மொத்த அளவு ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை 10 லட்சம் பங்காக்கி அதில் 10 பங்கு. ஸ்பைசஸ் போர்டு (நறுமணப் பொருள் வாரியம்) ஆய்வகம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. சாம்பிள் கொடுத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். உங்கள் கொழுந்தனார் கடையில் அதை வாங்கிக் குழம்பு வைக்கப்போவது நம்ம சனங்கள்தான்.

சரி, காய்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் அத்தை, சிக்கல் பக்கம், களத்தில் உட்கார்ந்து ஒரு முண்டை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குவார். "விதை பேசினா சாக்கு, பேசலேன்னா களம்" என்பார். இவ்வளவுதான் அவருடைய தரக்கட்டுப்பாடு. நீளமான மிளகாயில் இந்தச் சத்தம் இவ்வளவு தெளிவாக வராது, முண்டில் கிலுகிலுப்பை மாதிரி வரும். ஆனால் ஒன்று, முண்டுக்குத் தோல் தடிமன். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், காம்படியில் ஈரம் நிற்கும். அதனால் மேல் மூட்டையில் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், மூட்டை அடுக்கிய அட்டியின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் குலுக்குங்கள்.

இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். நன்றாக உலர்ந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால்வாசி வத்தல் போட்டு, மூடியை இறுக்கி, காலையிலிருந்து வெயிலில் வையுங்கள். சாயங்காலம் குளிர்ந்த பிறகு கண்ணாடியின் உள்பக்கம் பாருங்கள். பனி படர்ந்திருந்தால் உங்கள் கன்டெய்னருக்குள் என்ன நடக்கும் என்று கடலுக்குப் போகாமலேயே பார்த்துவிட்டீர்கள். களத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். எண்ணாக வேண்டுமென்றால் ஈரப்பதமானி இருக்கிறது. 10, 11 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஏற்றாதீர்கள்.

ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். தொங்கவிடுங்கள், நல்லதுதான். ஒரு கிலோ பை தன் எடைக்கு மேலேயே தண்ணீர் குடிக்கும். ஆனால் 10 பை தொங்கவிட்டால் 10, 20 லிட்டர் குடிக்குமா? நீங்கள் தெளித்தது 200 லிட்டர். காய்ந்த சரக்குக்குத்தான் அந்தப் பை காவல். மேல் வரிசை மேல் கிராஃப்ட் தாள் விரியுங்கள், சொட்டைத் தாங்கும். தார்ப்பாய் வேண்டாம், அதன் அடியிலும் வியர்க்கும். பெட்டியின் பலகைத் தரையைத் தொட்டுப் பாருங்கள். கழுவிவிட்டு அன்றைக்கே கொடுத்திருப்பார்கள், ஈரமாக இருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். மூட்டைக்கு அடியில் வைக்கிற மரத்தட்டு (பேலட்) பற்றி முன்பு பேசியபோது 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய முத்திரை வேண்டும் என்றேன். அந்த முத்திரை பூச்சிக்கு. மழையில் நனைந்து கிடந்த தட்டிலும் அதே முத்திரை இருக்கும், எனவே அதையும் தொட்டுப் பாருங்கள். விடியற்காலைப் பனியில் ஏற்றாதீர்கள், வெயில் ஏறின பிறகு ஏற்றுங்கள்.

நம்ம கரைக்குச் சரக்கு அனுப்புவது புதிதில்லை. அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமக் காசும் கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. கீழக்கரை மரக்காயர்கள் தோணியிலும் கப்பலிலும் கடல் கடந்து வியாபாரம் செய்தார்கள். அந்த மரக்கலத்துக்குள் சரக்கு மூச்சு விட்டது. மரம் இரும்பு மாதிரி சட்டென்று குளிர்ந்து சொட்டாது. 1956-ல் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் 58 பெட்டிகளை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் உலகம் பெட்டிக்கு மாறியது. திருட்டு குறைந்தது, வேகம் கூடியது, கூலி குறைந்தது. பெட்டி எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு, அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பூட்டிய பெட்டிக்குள் எதை வைத்தோமோ அதுதான் போய் இறங்கும், வழியில் காற்றாட விட்டுச் சரிசெய்ய ஆள் கிடையாது.

இடையில் இன்னொருவர், கடல் இங்கேயே இருக்கும்போது எதற்கு 120 கிலோமீட்டர் தள்ளித் தூத்துக்குடிக்குப் போகவேண்டும் என்று கேட்டிருந்தார். பாக் நீரிணையும் பாம்பன் வாயிலும் ஆழம் குறைவு, கன்டெய்னர் கப்பல் வராது. சென்னையிலிருந்து தூத்துக்குடி வருகிற பெரிய கப்பலே இலங்கையைச் சுற்றித்தான் வருகிறது. சாயல்குடி, வேம்பார் வழியாக லாரி போவதுதான் நமக்கு வழி.

கருவாடு விஷயம். வேண்டாம் தங்கச்சி. வாடை மிளகாயில் ஏறினால் இறங்காது. அது மட்டுமில்லை, கருவாட்டில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதே பெட்டிக்குள் இன்னொரு தண்ணீர்க் குடத்தை வைத்த மாதிரி ஆகிவிடும். மீனுக்குத் தனிச் சான்றிதழ்கள் வேறு உண்டு. கொழுந்தனாருக்குக் கருவாடு வேண்டுமென்றால் அது தனி லோடு.

அதனால் தங்கச்சி, எத்தனை டன் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் அட்டியில் மேல் மூட்டை, நடு மூட்டை, அடி மூட்டை மூன்றிலிருந்தும் எடுத்துப் பாட்டிலில் போட்டு ஒரு நாள் வெயிலில் வைத்துப் பாருங்கள். மூன்றும் எப்படி இருந்தன என்று எனக்குச் சொல்லுங்கள், சித்தப்பா வீட்டுச் சரக்கையும் தனியாகப் பாருங்கள். மூட்டையின் அளவையும் சேர்த்து அனுப்பினால் அடுத்த தடவை உங்கள் சரக்கையே வைத்து டன் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.