பணம் திரட்டப் போன ஊர்வலம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கொள்ளைநோய்க் காலத்தில் அரசு முதலில் காக்க வேண்டியது பொருளாதாரத்தை அல்ல, உயிரையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பொருளாதாரத்துக்காகப் பேசிய எதிரணி நண்பர், எங்கள் அணியைக் காட்டி, “இவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம், ஊரடங்கு இவர்களுக்கு விடுமுறை” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். அவருக்கான விடை இருக்கிறது. அதற்கு முன் ஓர் ஊர்வலம் போக வேண்டும், வழிவிடுங்கள்.

1918 செப்டம்பர் 28, அமெரிக்காவின் பிலடெல்பியா. இன்ஃபுளுயன்சா என்னும் தொற்றுக் காய்ச்சல் நகருக்குள் நுழைந்துவிட்டது. கூட்டம் கூடாதீர்கள் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். ஆனாலும் போருக்கான கடன்பத்திரம் விற்க மாபெரும் அணிவகுப்பு நடந்தது. கவனியுங்கள் நடுவர் அவர்களே, அது பணம் திரட்டும் ஊர்வலம். எதிரணியின் பொருளாதாரமே அன்று வாத்தியம் முழங்கத் தெருவில் நடந்தது! ஏறத்தாழ 2 லட்சம் பேர் தோளோடு தோள் உரசி வேடிக்கை பார்த்தார்கள். மூன்றே நாளில் மருத்துவமனைகளில் படுக்கை இல்லை. அக்டோபர் 3 அன்று பள்ளி, தேவாலயம், திரையரங்கு, மதுக்கூடம் அனைத்தையும் இழுத்து மூடினார்கள். அதாவது, ஒரு வாரம்கூடத் தாங்காத பொருளாதாரத்துக்காக ஊரைக் கூட்டினார்கள். அடுத்த சில வாரங்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள், சவப்பெட்டிக்கும் பஞ்சம் வந்தது. தொடக்கத்திலேயே கூட்டங்களைத் தடுத்த செயின்ட் லூயிஸ் நகரில் இறப்பு விகிதம் இதில் ஏறத்தாழப் பாதிதான்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். மாதச் சம்பளக்காரன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பான் என்பது உண்மைதான். அப்படியானால், ஊரைத் திறந்து வைத்தால் நோயின் முன்னால் முதலில் போய் நிற்பவன் யார்? நண்பர் யாருக்காகக் கண்ணீர் வடித்தாரோ, அதே தினக்கூலித் தொழிலாளிதான்! அவன் பசியை நாங்கள் மறுக்கவில்லை. அவனை வீட்டில் இருக்கச் சொல்லும் அரசு அவன் வயிற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறோம். 2020 மார்ச்சில் டென்மார்க் அதைச் செய்தது: ஆட்குறைப்பைத் தவிர்த்த நிறுவனங்களுக்கு, ஓர் உச்சவரம்புக்குள், ஊதியத்தில் 75 விழுக்காட்டை அரசே தந்தது. பக்கத்தில் ஸ்வீடன் கடைகளைப் பெரும்பாலும் திறந்தே வைத்தது. கொரோனாவின் அந்த முதல் வாரங்களில் வங்கிக் கணக்குகளை ஆராய்ந்த அறிஞர்கள், மூடிய டென்மார்க்கில் மக்களின் செலவு ஏறத்தாழ 29 விழுக்காடும், திறந்த ஸ்வீடனில் 25 விழுக்காடும் சரிந்ததைக் கண்டார்கள். இடைவெளி வெறும் நான்கு! கடையை அடைத்தது அரசாணை என்கிறார் நண்பர்; வாடிக்கையாளரை வீட்டில் உட்கார வைத்தது அச்சம்.

புள்ளிவிவரம் போதும். 1918இன் அந்தக் காய்ச்சல் 20 முதல் 40 வயதுக்காரர்களையும் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோனது. அன்று தந்தையின் தோளில் அமர்ந்து அணிவகுப்பைப் பார்த்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அடுத்த மாதம் அந்தத் தோள் இல்லாமல் போயிற்றோ! கடன்பத்திரம் வாங்கியவருக்கு அரசு வட்டி கொடுத்தது. அந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுக்கும்? நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்வதற்கு முன், எதிரணியை இதற்கு மட்டும் விடை சொல்லச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.