நிறம் மலையிலிருந்து இறங்கி வரும்: இலையுதிர் காலத்தில் மலைப்பாதைப் பயணம் போடுவது எப்படி

[காட்சி: வளைவு ஒன்றைச் சுற்றித் திரும்பும் கார். பக்கவாட்டில் பச்சைக் காடு. திரும்பியதும் எதிரே மலை முழுக்க மஞ்சளும் சிவப்பும்.]

வணக்கம். இப்படி ஒரு வளைவுக்காகத்தான் மக்கள் விடுப்புப் போட்டு, அறை எடுத்து, நாள் முழுக்கக் கார் ஓட்டிப் போகிறார்கள். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு பலருக்கும் கிடைக்கும் பதில், "போன வாரம் வந்திருக்கணும்" என்பதுதான்.

எனக்கும் அது நடந்தது. முதல் முறை போனபோது ஒரு தேதியை மட்டும் நம்பி, மூன்று மாதத்துக்கு முன்பே அறையைப் பதிவு செய்து வைத்திருந்தேன். முந்தைய நாள் இரவு அடித்த காற்றில் மலை உச்சியில் இருந்த இலையெல்லாம் கொட்டிவிட்டது. மரங்கள் வெறும் குச்சியாக நின்றன. மனம் விட்டுப்போய் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி இறக்கத்தில் சாலையோரம் ஒரு மேப்பிள் மரம், அடி முதல் நுனி வரை சிவப்பு. இன்னும் இறங்க இறங்க மஞ்சள் கூடியது. அடிவாரத்தில் எல்லாம் இன்னும் பச்சை. நான் தேடி வந்த நிறம் தீர்ந்துபோகவில்லை, எனக்கு முன்பே மலையை விட்டு இறங்கியிருந்தது.

இந்த வீடியோவில் சொல்லப்போவது இதைத்தான். தேதியைக் குறி வைத்துப் போனால் ஏமாற வாய்ப்பு அதிகம். ஏறி இறங்கும் பாதையாகப் பார்த்துப் போட்டால், எந்த வாரம் போனாலும் வழியில் எங்காவது நிறம் உங்களைச் சந்திக்கும்.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு மேப்பிள் இலை, மிக அருகில்.]

ஏன் அப்படி? அதற்கு இந்த இலையைக் கொஞ்சம் பார்ப்போம். கோடை முழுக்க இலை பச்சையாக இருக்கக் காரணம் பச்சையம். அது சிதைந்துகொண்டே இருக்கும், மரமும் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். பகல் நேரம் குறையத் தொடங்கியதும் மரம் அந்த வேலையை நிறுத்துகிறது. பச்சை விலகியதும், அதுவரை அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறப்பொருள் தெரிய வருகிறது. மஞ்சளும் பொன்னிறமும் அப்படி வருபவை. ஆஸ்பென், பிர்ச், ஹிக்கரி மரங்களில் பார்ப்பது இது.

சிவப்பின் கதை வேறு. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் பெரும்பாலும் கோடையில் இலையில் இருப்பதில்லை. இலையில் மிஞ்சிய சர்க்கரையிலிருந்து அந்தச் சில வாரங்களில்தான் உண்டாகிறது. அதற்கு வெயிலும் வேண்டும். இந்த இலையிலேயே பாருங்கள், நடுவில் ஒரு மஞ்சள் திட்டு. மேலே இருந்த இன்னொரு இலையின் நிழல் விழுந்த இடம் அது. வெயில் பட்ட பாகம் சிவந்திருக்கிறது, படாத பாகம் மஞ்சளோடு நின்றுவிட்டது. சாலையோரம் இறங்கும்போது கீழே கிடக்கும் இலைகளைத் திருப்பிப் பாருங்கள், இப்படி நிழல் பதிந்த இலை நிச்சயம் ஒன்றிரண்டு கிடைக்கும்.

அப்புறம், அதன் காம்பு நுனியையும் பாருங்கள். கிழிந்த மாதிரி இல்லாமல் சுத்தமாக மூடியிருக்கும். கிளையோடு சேரும் இடத்தில் மரம் ஒரு மெல்லிய அடுக்கை வளர்த்து, இலைக்குப் போகும் வழியை அடைத்துக்கொள்கிறது. அந்த அடுக்கு முற்றிய பிறகு ஒரு பலமான காற்றோ மழையோ போதும், இலை உதிர்ந்துவிடும். என் முதல் பயணத்தைக் கெடுத்தது அந்த ஒரு இரவுக் காற்றுதான்.

ஆக, நல்ல நிறத்துக்கு வேண்டியது வெயில் அடிக்கும் பகலும், உறைபனி விழாத அளவுக்குக் குளிர்ந்த இரவும். கடும் உறைபனி விழுந்தால் இலை கருகிப் பழுப்பாகும். கோடையில் தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோனால் நிறம் ஏறுமுன்பே உதிரும். பகல் குறைவது ஆண்டுதோறும் ஒரே கணக்கில் நடக்கும். வானிலை அப்படி இல்லை. அதனால்தான் 'உச்ச நிறம்' வரும் நாளை மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

[காட்சி: மலையின் குறுக்குவெட்டு வரைபடம். உச்சியில் சிவப்பு, நடுவில் மஞ்சள், அடியில் பச்சை.]

சரி, உயரத்துக்கு வருவோம். சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6.5 டிகிரி செல்சியஸ் வரை குறையும். அதனால் உச்சியில் குளிர் முதலில் வருகிறது, நிறமும் அங்கேதான் முதலில் வருகிறது. பிறகு நாளுக்கு நாள் சரிவில் இறங்கும்.

இதை நேரில் பார்க்க நல்ல பாதை ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் புளூ ரிட்ஜ் பார்க்வே. வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினா வரை 755 கிலோமீட்டர். ஜேம்ஸ் ஆற்றின் அருகே அது சுமார் 200 மீட்டர் உயரத்தில் போகிறது. தெற்கே ரிச்லாண்ட் பால்சம் என்ற இடத்தில் 1,845 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. ஒரே சாலைக்குள் பத்து டிகிரி வித்தியாசம்! அங்கே உயரமான பகுதிகளில் அக்டோபர் தொடக்கத்தில் நிறம் ஏறும். ஆஷ்வில் நகரம் இருக்கும் தாழ்வான பகுதியில் அக்டோபர் கடைசி ஆகிவிடும்.

முழுப் பாதையையும் ஓட்ட வேண்டியதில்லை. ஆஷ்வில் பக்கத்திலிருந்து அதே சாலையில் உயரத்தில் இருக்கும் கிராகி கார்டன்ஸ் என்ற இடம் வரை 30 கிலோமீட்டர்தான், அதற்குள் சுமார் 1,000 மீட்டர் ஏறிவிடுவீர்கள். இன்னும் கொஞ்சம் போனால் மவுண்ட் மிட்செல். 2,037 மீட்டர், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. அரை நாளில் மூன்று வாரத்து நிறங்களையும் பார்த்துவிடலாம். மேலே இலை கொட்டியிருந்தால் நடுவில் இருக்கும், நடுவில் இன்னும் பச்சை என்றால் மேலே இருக்கும்.

ஜப்பானின் நிக்கோ மலையிலும் இதே கதைதான். அங்கே இரோஹாசகா என்ற பாதையில் மொத்தம் 48 கொண்டை ஊசி வளைவுகள். பழைய ஜப்பானிய எழுத்து வரிசையில் இருந்த 48 எழுத்துகளை ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றாகப் பெயர்ப்பலகையில் வைத்திருக்கிறார்கள். ஏற ஒரு சாலை, இறங்க ஒரு சாலை, இரண்டும் ஒருவழி. மேலே சூசென்ஜி ஏரிக்கரையில் முதலில் சிவந்து, பிறகு வளைவு வளைவாக இறங்கி, நவம்பரில் நிக்கோ ஊருக்கு வந்து சேரும். ஏறும் சாலையும் இறங்கும் சாலையும் வேறு என்பதால் ஒரு விஷயம் கவனம்: தவறவிட்ட இடத்துக்கு அப்படியே திரும்பிப் போக முடியாது.

ஏறி இறங்க வாய்ப்பு குறைவான பாதைகளும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் காங்கமாகஸ் நெடுஞ்சாலை 55 கிலோமீட்டர், மிக உயர்ந்த இடமே 870 மீட்டர்தான். அங்கே செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் நடுவுக்கும் இடைப்பட்ட நாட்களைத்தான் நம்ப வேண்டும். கொலராடோவின் ஆஸ்பென் காடுகள் இன்னும் அவசரக்காரர்கள். செப்டம்பர் பின்பாதியில் ஒரு சரிவு முழுக்க ஒரே நாளில் பொன்னாகிவிட்டது போலத் தோன்றும். பல ஆஸ்பென் தோப்புகள் ஒரே வேரிலிருந்து கிளைத்த ஒரே உயிர் என்பது அதற்கு ஒரு காரணம். யூட்டாவில் பாண்டோ என்று ஒரு தோப்பு, 43 ஹெக்டேரில் 40,000-க்கும் மேற்பட்ட தண்டுகள், எல்லாம் ஒரே மரம். இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

தாமதமாகப் போகிறீர்களா? ஓக் மரங்கள் இருக்கும் தாழ்வான காடுகளைத் தேடுங்கள். மேப்பிள் கொட்டிய பிறகும் ஓக் செம்பழுப்பில் நின்றுகொண்டிருக்கும்.

[காட்சி: அட்டவணைத் தாள். கிழமைகளில் ஒன்று காலியாக விடப்பட்டிருக்கிறது.]

திட்டத்தை இப்படிப் போடுங்கள். தங்குமிடம் மலையின் நடு உயரத்தில் இருக்கட்டும், அப்போதுதான் மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். கிளம்புவதற்கு முதல் நாள், நீங்கள் போகும் மலைப்பகுதிக்கு வெப்கேமரா இருந்தால் அதைப் பாருங்கள். நிறம் எங்கே வந்திருக்கிறது என்பது எந்த முன்கணிப்பு வரைபடத்தையும்விட அதில் நன்றாகத் தெரியும். சாலை திறந்திருக்கிறதா என்பதையும் அதோடு பார்த்துவிடுங்கள். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் அடித்தபோது புளூ ரிட்ஜ் பார்க்வேயில் நிலச்சரிவு ஏற்பட்டு, வட கரோலினாவில் நெடுந்தூரம் மூடிக் கிடந்தது, அதுவும் சரியாக இலை சிவக்கும் பருவத்தில். வார நாளில் போக முடிந்தால் போங்கள். ஒரு நாளை எந்த வேலையும் வைக்காமல் விடுங்கள், மழை பெய்தால் அந்த நாள் கைகொடுக்கும்.

தூரத்தை வைத்து நேரம் கணக்குப் போடாதீர்கள். பார்க்வேயில் பெரும்பாலான இடங்களில் மணிக்கு 72 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், வளைவுகளில் அதுவும் வராது. ஒவ்வொரு வியூ பாயின்ட்டிலும் பத்து நிமிடம் போகும். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வைத்தால், பார்க்க வந்ததை ஓட்டியே தீர்த்துவிடுவீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெயில் நமக்குப் பின்னால் இருந்து இலை மேல் விழுந்தால் நிறம் தெரியும், அவ்வளவுதான். சூரியன் இலைக்குப் பின்னால் இருந்தால் ஒவ்வொரு இலையும் விளக்கேற்றியது போல நிற்கும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக இருக்கும்போதுதான் இது நன்றாக அமையும். ஆனால் அதே நேரத்தில் எதிர் வெயில் ஓட்டுபவரின் கண்ணைக் கூசச் செய்யும், அதனால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இலையின் மேற்பரப்பு மினுமினுப்பு அடங்கி உள்நிறம் எழும். மேகமூட்டமான நாள் என்றால் வருத்தப்பட வேண்டாம். மரங்கள் இருபுறமும் கவிந்த குறுகலான சாலையை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிழலும் வெயிலும் வெட்டாமல் நிறம் சீராகத் தெரியும்.

[காட்சி: ஈர இலைகள் அப்பிய சாலை, மெதுவாக உருளும் டயர்.]

இனி வண்டி. ஈர இலை படிந்த சாலை வழுக்கும். போதாததற்கு, சாலைக் கோட்டையும் பள்ளத்தையும் மறைத்துவிடும். அந்த இடத்தில் திடீர் பிரேக் கூடாது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள், சூடேறினால் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குவது என்று ஒரு பழைய கணக்கு உண்டு, ஆட்டோமேட்டிக் வண்டியிலும் லோ கியர் இருக்கும். அதிகாலையில் பாலங்களும் நிழல் வளைவுகளும் முதலில் உறையும். அந்தி நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும், ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பாருங்கள். புளூ ரிட்ஜ் பார்க்வேயிலும் காங்கமாகஸிலும் சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது, ஏறுமுன் டேங்கை நிரப்பிவிடுங்கள். பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது, மேப்பை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் ஒருவர் அவசரமாக வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். நடுச்சாலையில் நிறுத்திப் படம் எடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், அடுத்த வளைவிலிருந்து வருபவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

மலை மறைப்பதால் பள்ளத்தாக்கில் கடிகாரம் சொல்வதற்கு முன்பே இருட்டிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே அறைக்கு வந்துவிடுங்கள். வந்ததும் போனில் அன்றைய படங்களை எடுத்து, எந்த உயரத்தில் நிறம் நன்றாக இருந்தது என்று மேப்பில் குறியுங்கள். 1,100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு அதே 1,100 மீட்டரில், மலையின் மறுபக்கம் போகும் சாலையைத் தேடுங்கள்.