மழை பிடித்தால் 24 மணி நேர ரேஸ் என்ன ஆகும்? மன்னார்குடித் தம்பி கேட்ட கேள்வி

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், அடுத்த வாரம் வருகிறேன். இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணே, அஜித் ஓட்டுகிற மாதிரி 24 மணி நேர ரேஸில் நடுவே அடைமழை பிடித்தால் நிறுத்திவிடுவார்களா? அந்த டயரில் பட்டனே இல்லையே, மொட்டையாகத்தானே இருக்கிறது?"

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது நாம் எல்லோரும் காரைப் பார்த்தோம், கொடியைப் பார்த்தோம். தம்பி டயரைப் பார்த்திருக்கிறார். அதுதான் எனக்குச் சந்தோஷம்.

ரேஸில் காய்ந்த ரோட்டுக்கு, பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர் கட்டைகள்) இல்லாமலே செய்த மொட்டை டயர்தான் நல்லது. ரப்பர் முழுசாக ரோட்டில் ஒட்டும், பிடிப்பு அதிகம். தண்ணீர் நின்றால் கதை மாறுகிறது. நம் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும்: தண்ணீருக்குப் போக வழி வேண்டும். டெல்டாக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ வடிகாலும் அவ்வளவு முக்கியம். வடிகால் தூர்ந்த வயலில் பயிர் மூழ்கும். டயரில் இருக்கிற பள்ளம் அந்த வடிகால்தான். அது இல்லையென்றால் தண்ணீர் டயருக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டு வண்டியைத் தூக்கிவிடும். இதை அக்வாபிளேனிங் என்பார்கள். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகும். லேசானால் டயர் ரோட்டில் இல்லை என்று அர்த்தம்.

அதனால் மழை வந்ததும் பிட்டுக்குள் (தடத்தின் ஓரத்தில் டயர் மாற்றுகிற, பெட்ரோல் போடுகிற இடம்) வந்து பள்ளம் வெட்டிய மழை டயருக்கு மாறுகிறார்கள். ஃபார்முலா ஒன் மழை டயர் ஒன்று, 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வெளியே தள்ளும் என்று அதைச் செய்கிற பிரெல்லி சொல்கிறது. ஒரு நொடியில் அஞ்சாறு குடம்!

எப்போது மாறுவது என்பதில்தான் சூட்சுமம். பிரான்ஸில் புகழ்பெற்ற 24 மணி நேர ரேஸ் நடக்கிற லெ மான் தடம் ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற தூரம். ஒரு முனையில் கொட்டும், மறுமுனை காய்ந்து கிடக்கும். மழை டயரோடு காய்ந்த ரோட்டில் ஓடினால் ரப்பர் சூடேறிப் பிய்ந்துகொண்டு வரும். அதனால் டிரைவர் வேண்டுமென்றே ஈரத்தைத் தேடிப் போய் டயரைக் குளிர வைப்பார். இன்னொன்று, எல்லோரும் ஓடி ஓடி ரப்பர் படிந்த பாதை வெயிலில் தங்கம், மழையில் வழுக்குப்பாறை. அப்போது அந்தப் பாதையை விட்டு விலகிச் சொரசொரப்பான இடமாகப் பார்த்து வளைய வேண்டும். வெள்ளைக் கோடு, ஓரக்கட்டை இரண்டிலும் சக்கரம் படவே கூடாது.

சரி, நிறுத்துவார்களா? நிறுத்துவார்கள், இல்லையென்றால் சேஃப்டி காரை முன்னால் விடுவார்கள். எல்லோரும் முந்தாமல் மெதுவாக அதன் பின்னால் போக வேண்டும். 2013-இல் ஜப்பானில் ஃபுஜி 6 மணி நேர ரேஸில் சேஃப்டி கார் பின்னால் 16 சுற்று ஊர்ந்ததோடு முடிந்தது. 2024 லெ மான் ராத்திரியில் நாலு மணி நேரத்துக்கும் மேல் எல்லாக் கார்களும் சேஃப்டி கார் பின்னால் வரிசையாகப் போயின. தண்ணீரைவிடப் பெரிய பயம் பார்வை. முன் கார் வாரி அடிக்கிற சாரலில் அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. அப்படிக் காத்திருந்து ஓடிய அந்த ரேஸில் ஃபெராரி ஜெயித்தது சுமார் 14 நொடி வித்தியாசத்தில். அதற்காக, பொறுமையாகப் போனவர்கள் வேகம் தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். 1995-இல் லெ மான் பெரும்பகுதி மழையிலேயே நடந்தது. முதல் தடவையாக வந்த மெக்லாரன், அதுவும் ரோட்டில் ஓடுகிற காரிலிருந்து உருவாக்கிய வண்டி, ரேஸுக்கென்றே கட்டிய கார்களைத் தாண்டி ஜெயித்தது. ராத்திரி மழையில் அந்த மெக்லாரனை ஜேஜே லேடோ ஓட்டிய ஓட்டத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

மழையில் ஆக்சிலேட்டரை அழுத்துவது குறைவு, அதனால் பெட்ரோல் கூடுதல் சுற்றுக்கு வரும். நிதானத்துக்கும் அங்கே கணக்கு உண்டு.

தம்பி கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: "அண்ணே, என் வண்டி டயரில் வடிகால் எவ்வளவு மிச்சம்?" இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் காத்திருக்கிறேன். போன கார்த்திகையில் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒருவர் நம் பட்டறைக்கு வந்தார். குடமுருட்டிக் கரை ரோட்டில் வண்டி வழுக்கி, மயிரிழையில் ஆற்றுக்குள் போகாமல் நின்றதாம். பிரேக் பிடிக்கவில்லை என்றார். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. முன் டயர் இரண்டையும் விரலால் தடவச் சொன்னேன். நடுவில் பள்ளமே தட்டுப்படவில்லை. "இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று நினைத்தேன்" என்றார். வெயிலில் ஓடியிருக்கும். நம் ஊர் ரோடு ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல். தடுப்புச் சுவர் இல்லாத இடம் எத்தனையோ. ரேஸ்காரருக்குச் சறுக்கினால் ஓடி நிற்க ஓரத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். நமக்கு?

மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று பலர் நம்புகிறார்கள். சேற்றில் சரி. தார் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது நேர்மாறு. 1960களில் நாசா செய்த விமான டயர் ஆராய்ச்சியில் வந்த கணக்குப்படி, 32 பவுண்டு காற்று இருந்தால் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்தில் டயர் மிதக்கத் தொடங்கும். 25 பவுண்டு என்றால் 83-லேயே. வண்டி மிதந்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்திருங்கள், டயர் தானாக ரோட்டைத் தொடும்.

அளவு பார்ப்பது எளிது. டயரின் பக்கவாட்டில் டிடபிள்யூஐ (TWI) என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் சின்னத் திட்டு ஒன்று தெரியும், 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அந்தத் திட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் சட்டப்படியே டயர் முடிந்தது. நான் கார்காரர்களுக்குச் சொல்வது, அடைமழைக்கு 3 மில்லிமீட்டராவது வேண்டும். ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைக்கக் குனிவோமே, அப்போதே நாலு டயரையும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துப் பாருங்கள்.