தகட்டின் அடியில் உள்ள வெற்றிடம்

வணக்கம். காலபோக நெல் ஆலைகளுக்கு வந்து சேர இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அந்த அவசரம் தொடங்குவதற்கு முன், வன்னியில் அரிசி ஆலை நடத்துபவர்களோடும் நீரேற்றும் பம்பிகளைப் பராமரிப்பவர்களோடும் ஒரு விடயம் பேச வேண்டும். இயந்திரத்தின் அடித்தகட்டுக்கும் கொங்கிறீட் அத்திவாரத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியை நிரப்ப ஒரு கலவை ஊற்றுகிறோமே, கிறவுட், அதைப் பற்றித்தான்.

கிளிநொச்சிப் பக்கத்து ஆலை ஒன்றில் உமி இழுக்கும் புளோவர் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரே போகத்தில் இரண்டு முறை பெயாரிங் மாற்றினார்கள். சாவியில் நீளக் குழாய் மாட்டி அத்திவார போல்ட்டுகளை இறுக்கினார்கள். இறுக்க இறுக்க அதிர்வு கூடியது. நான் போய், சிறிய சுத்தியலால் தகட்டை விளிம்பிலிருந்து உள்நோக்கித் தட்டிக்கொண்டே போனேன். விளிம்பில் 'டக்' என்று கெட்டியாகக் கேட்டது. மோட்டருக்குக் கீழே வந்ததும் வெறும் தகரப் பெட்டியைத் தட்டியதுபோல் ஆகிவிட்டது. ஒலி மாறிய இடத்தையெல்லாம் வெண்கட்டியால் வளைத்துக் கோடு போட்டோம். தகட்டில் பாதி அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டது.

நிமிடத்துக்கு 1450 சுற்றுச் சுற்றும் மோட்டர், விநாடிக்கு 24 தடவை தகட்டை உலுக்குகிறது. அடியில் பிடிமானம் இருந்தால் அந்த உலுக்கல் அத்திவாரத்தின் பாரத்துக்குள் இறங்கி அடங்கிவிடும். வெற்றிடமாக இருந்தால் தகடு மத்தளத் தோலாகிவிடும். போல்ட்டை இறுக்கும்போது தகடு பள்ளத்துக்குள் வளையும். மோட்டரும் புளோவரும் ஒரே கோட்டிலிருந்து விலகும். பெயாரிங் என்ன பாவம் செய்தது?

அங்கே சாதாரண மணல் சீமெந்துக் கலவையை நான்கு பக்கத்தாலும் அடைத்திருந்தார்கள். உள்ளே சிக்கிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. கலவையும் காயும்போது சுருங்கிவிட்டது. கொங்கிறீட்டின் மேல் படிந்து காய்ந்திருந்த பலமில்லாத மென்படையான சீமெந்துப் பாலையும் கொத்தி எடுக்கவில்லை. அரை நாள் உளி வேலையை மிச்சம் பிடித்ததால் வந்த கேடு இது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

திருத்துவதற்கு எப்பொக்சி உட்செலுத்த வேண்டும். இரண்டு பாகங்களைக் கலந்ததும் இறுகிக் கெட்டியாகும் பிசின் பாகுதான் அது. இயந்திரத்தை நிறுத்தி, ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் ஒரு மூலையில் பாகை ஊட்டுவதற்கு ஒரு துளை, எதிர்மூலைகளில் காற்று வெளியேறத் துளைகள் போட வேண்டும். துளையில் ஈரமோ எண்ணெயோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஈரமென்றால் நன்றாகக் காய விட வேண்டும். எண்ணெய் ஊறிய கிறவுட்டில் எப்பொக்சி ஒட்டாது. அதை உடைத்தெடுத்துப் புதிதாக ஊற்றுவதே வழி.

செலுத்தும்போது பொறுமை வேண்டும். கிறீஸ் அடிக்கும் கைக்கருவியே போதும். வேகமாக அழுத்தினால் பாகு தகட்டையே தூக்கிவிடும். அதனால் தகட்டின் மேல், மிகச் சிறிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்றை நிறுத்தி, முள் அசைகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்த்துளையில் முதலில் காற்றுக் குமிழிகளோடு நுரைத்து வரும். குமிழி நின்று பாகு மட்டும் ஒழுகிய பிறகே அந்தத் துளையை அடைக்க வேண்டும். சிலர் குமிழியைப் பார்த்தவுடனேயே அடைத்துவிடுகிறார்கள். அந்தக் காற்று உள்ளேயே தங்கிவிடும்.

நம் வெயிலுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்பொக்சி இறுகும்போது தானாகவே சூடேறும். வாளி நிறையக் கலந்து வைத்தால் ஊற்றுவதற்குள் கட்டியாகிவிடும். விடியற்காலையில், சிறிய பொதிகளாக, பொதியிலுள்ள இரண்டு பாகங்களையும் முழுமையாகச் சேர்த்துக் கலக்குங்கள். கண்மதிப்பில் பாதி பாதி எடுத்தால் இறுகாமலே போகலாம்.

அந்தப் புளோவரில் எப்பொக்சி நன்றாக இறுகிய பிறகு மறுபடியும் தட்டினோம். வெண்கட்டிக் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே 'டக்'. பிறகுதான் போல்ட்டுகளை இறுக்கி, மோட்டரையும் புளோவரையும் இணைக்கும் கப்ளிங் நேராக இருக்கிறதா என்று மீண்டும் அளந்து, மோட்டரை ஓட்டினோம். தகட்டின் மேல் வைத்த தேநீர்க் குவளையில் தேநீர் மெல்லச் சிலிர்த்தது. குவளை வைத்த இடத்திலேயே இருந்தது.

நன்றி, வணக்கம்.