கல்லை எந்தத் தட்டில் வைப்பது?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்து முறைக்கும் எதிரணிக்கும், சபையோருக்கும் வணக்கம். 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய நாளிலிருந்து மேடைப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்த ஊர் இந்தக் காரைக்குடி. சரக்கில்லாமல் மைக் பிடித்தால் முன்வரிசைப் பெரியவர் கொட்டாவி விட்டே இறக்கிவிடுவார். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் ஆடும் புதிர் விளையாட்டு உறவை வளர்க்கிறதா, பொழுதைக் கெடுக்கிறதா என்பது தலைப்பு. வளர்க்கிறது என்பது எங்கள் கட்சி. எதிரணி அண்ணன், "எல்லா விடையும் கூகுளில் கிடக்கிறது, இதில் என்ன அறிவு?" என்றார். அடுத்து வந்த ஆச்சி, "முகம் பார்க்காத உறவு உறவே இல்லை" என்று அடித்துச் சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆச்சி, முகம் பார்க்க வேண்டும், சரி. யார் முகத்தை? எங்கள் வீடு முன்தெருவில் முகப்பு, பின்தெருவில் கொல்லைவாசல். பர்மாத் தேக்கில் தூண். உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் பத்து அறை, எட்டில் பூட்டுத் தொங்குகிறது. இருப்பது என் அப்பத்தாவும், கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பெண்ணும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தினம் போன் செய்கிறோம், குறை சொல்ல முடியாது. "சாப்பிட்டாச்சா? மாத்திரை போட்டாச்சா? பிரஷர் பார்த்தாச்சா?" மூன்று கேள்விக்கும் "ஆச்சு" என்று ஒரே பதில். அதோடு போன் வைத்தாகிவிடும். நலம் விசாரிக்க ஆள் இருக்கிறது ஐயா, விஷயம் விசாரிக்க ஆள் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் குழுவில் 62 பேர். கோலாலம்பூர், சிங்கப்பூர், துபாய், பெங்களூரு என்று சிதறிக் கிடப்பவர்கள். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒரு கேள்வி வரும். விடையைக் குழுவில் போடக் கூடாது, கேள்வி கேட்டவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் யோசிக்க முடியும். குறிப்பு கேட்டால் மதிப்பெண்ணில் பாதி போச்சு. முதலில் சொன்னவர் அடுத்த கேள்வியைப் போடுவார். பரிசென்று ஒன்றும் கிடையாது.

ஒருநாள் சிங்கப்பூர்த் தம்பி ஒரு கேள்வி போட்டான். தராசு ஒன்று, எடைக்கல் நாலே நாலு. ஒரு கிலோவிலிருந்து நாற்பது கிலோ வரை எந்த முழுக் கிலோவையும் ஒரே தடவையில் நிறுக்க வேண்டும். நாலு கல்லும் எத்தனை எத்தனை கிலோ?

நான் 1, 2, 4, 8 என்று அனுப்பினேன். "அண்ணே, அது பதினைந்தோடு நின்றுவிடும்" என்றான். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கும் இஞ்சினியர் ஒருவர், "16, 32 சேர்த்து ஆறு கல் இல்லாமல் நடக்கவே நடக்காது, கேள்வியே தப்பு" என்று குழுவிலேயே எழுதிவிட்டார். அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

குழுவில் என் அப்பத்தாவும் உண்டு. அவருக்கு எழுத்துக் கோக்க வராது, குரல்பதிவுதான். பின்னால் ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுகிறது. சொன்னது ஒரே வரி: "ஏன்டா தம்பி, கல்லைச் சாமான் தட்டுல வைக்கக் கூடாதுன்னு யாருடா சொன்னது?"

அவ்வளவுதான். இஞ்சினியர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். 1, 3, 9, 27. இரண்டு கிலோ வேண்டுமா? ஒரு தட்டில் மூன்று, சாமான் பக்கம் ஒன்று. இருபது வேண்டுமா? ஒரு பக்கம் 27-ம் 3-ம், சாமானோடு 9-ம் 1-ம். வீட்டில் போய்ப் போட்டுப் பாருங்கள், நாற்பது வரைக்கும் இடறாது.

எங்கள் யாருக்கும் ஏன் தோன்றவில்லை? நாங்கள் பார்த்ததெல்லாம் பொத்தானை அமுக்கினால் எண் எரிகிற தராசு. அப்பத்தாவோ சின்ன வயதில் பாவாடை கட்டிக்கொண்டு தன் அப்பாவின் கடையில் எடைக்கல் எடுத்துக் கொடுத்தவர். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாற்பது வருஷமாக அவர் கையால் சாப்பிடுகிறேன், கடையைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறுநாள் காலையில் இஞ்சினியர் போன் செய்து அப்பத்தாவிடம் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். வீசை, பலம், மாகாணி என்று பழைய நிறுவைக் கணக்கு ஓடியதாம். அவர் எங்களுக்கு உறவுகூட இல்லை ஐயா!

இப்போது அண்ணனின் கூகுளுக்கு வருகிறேன். அண்ணே, இதைத் தேடுங்கள்: "நெருப்பைப் பார்க்காதவன், கண்ணாடியில் குப்புறக் கிடந்து பிறப்பான், தண்ணீரில் ஊறித் தேறுவான், மிதிக்க மிதிக்க மினுங்குவான்." எங்கள் குழுவில் அப்பளம் என்றார்கள், ஐஸ் என்றார்கள். அப்பளம் எப்படித் தண்ணீரில் தேறும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. விடை நம் காலடியில் கிடக்கும் தரைக்கல், பக்கத்து ஊர் ஆத்தங்குடியில் செய்யும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிச் சில்லின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்டை ஊற்றி, முதுகுக்கு மணலும் சிமென்டும் அடைப்பார்கள். சூளை கிடையாது, தண்ணீர்த் தொட்டிதான். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. விடை தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, பெங்களூருப் பையன் ஒருவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்கே வந்துவிட்டான். பிறந்ததிலிருந்து மிதித்த கல்லைப் பார்க்க!

சண்டை வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் ஒரு கணக்கு உண்டு. பலாக் காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளை எத்தனை என்று தெரியுமாம். விடுவோமா? ஒரு பழத்தை வாங்கினோம். முள் நூறு, ஆகவே சுளை நூற்றிருபது. அறுத்து எண்ணினால் தொண்ணூற்றேழு. சப்பைச் சுளையைச் சேர்க்கலாமா, கூடாதா என்று இரண்டு பேர் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் அந்த இரண்டு பேரும் வருஷக் கணக்கில் பேசிக்கொள்ளாதவர்கள் என்பதையும் நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

மணியடித்துவிட்டீர்கள், நல்லதாய்ப் போயிற்று. எட்டு ஐம்பது ஆகிறது. இன்று கேள்வி போடும் முறை அப்பத்தாவுடையது. "என்ன கேள்வி, எனக்கு மட்டும் சொல்லுங்கள்" என்று காலையில் கெஞ்சிப் பார்த்தேன். வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, "நீயும் விளையாடுறவன்தானே, ஒன்பது மணிக்கு வா" என்று சொல்லிவிட்டார்.