மா வீழ்ந்தால் எது வீழ்ந்தது?

அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தாளாளர் அவர்களே, எனக்கு முன் பேசிக் கொஞ்சம் நேரத்தையும் மிச்சம் வைத்த பேராசிரியப் பெருமக்களே, கடைசி வரிசையில் நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். வரவேற்புரையில் விடுபட்ட செயலாளர் அவர்களையும் வணங்கிவிடுகிறேன். இல்லையென்றால் ஒலிபெருக்கி நின்றுவிடும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். சொல்லை வாக்கியத்தில் போடுவதற்கும் அதே கணக்குத்தான். ஒரே சொல் பல பொருள் தந்தால் அது பலபொருள் ஒருசொல். அங்கே எந்தப் பொருள் என்று எது காட்டும்? ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ என்று தொல்காப்பியம் மூன்றைச் சொல்கிறது: சொல்லோடு வரும் வினை, உடன் வரும் இனச்சொல், சூழலாகிய சார்பு. மூன்றையும் பார்ப்போம்.

முதலில் வினை. ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. ‘மா வீழ்ந்தது’ என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். அங்கே வினை கைவிட்டுவிடும். ‘மாமரம் வீழ்ந்தது’ என்று உடைத்துச் சொல்லியாக வேண்டும். ஒருமை பன்மையும் கைகொடுக்கும்: ‘ஆறு ஓடுகிறது’ என்றால் நீர், ‘ஆறு ஓடுகின்றன’ என்றால் எண்.

ஒரு வகுப்பில் ‘படி’யை ஐந்து பொருளில் அமைக்கச் சொன்னார்கள். பையன் எழுதினான்: ‘எனக்குப் படி பிடிக்கும். அப்பா படி வாங்கினார். நான் படி பார்த்தேன். படி நன்றாக இருக்கிறது. இது படி.’ இலக்கணப் பிழை இல்லை, ஐந்துக்கு ஐந்து வேண்டும் என்று வழக்கு வேறு! ஆசிரியர் திட்டவில்லை. ‘படி’யை அழித்துவிட்டு ‘பூனை’ என்று போட்டு உரக்க வாசிக்கச் சொன்னார். ‘எனக்குப் பூனை பிடிக்கும், அப்பா பூனை வாங்கினார்...’ வகுப்பே உருண்டு சிரித்தது. ஐந்திலும் பூனை சொகுசாக உட்கார்ந்துகொண்டது! பிறகு பையனே திருத்தினான்: ‘மூன்றாம் படியில் கால் தடுக்கியது. இரண்டு படி நெல் அளந்தாள். பாடத்தை உரக்கப் படி. பயணப்படி இன்னும் வரவில்லை. சொன்னபடி வந்தான்.’ இப்போது பூனையை விட்டுப் பாருங்கள், ஓடிவிடும்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த மேடைக்கே வந்தேன். ‘சொன்னபடி’ சேர்ந்திருந்தால் சொன்னவாறு. ‘சொன்ன படி’ என்று பிரித்தால் யாரோ குறிப்பிட்ட படிக்கட்டு. ஒற்றும் அப்படித்தான். ‘வேலை பார்த்தான்’ என்றால் உழைத்தான். ‘வேலைப் பார்த்தான்’ என்றால் கண்ணில் பட்டது வேலாயுதம். செல்பேசியில் தட்டும்போது ஒற்றையும் இடைவெளியையும் இஷ்டத்துக்கு வீசுகிறோமே, ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு! விடைத்தாள் திருத்துவோரே, வாக்கியத்துக்கு ஒரு மதிப்பெண் என்றால் அதில் அரையை ஒற்றுக்கும் இடைவெளிக்கும் ஒதுக்குங்கள்.

இனத்தையும் சார்பையும் தலைவரின் கைக்கடிகாரம் விழுங்கிவிட்டது. அந்த அரை மதிப்பெண்ணைக் கேட்கும் விண்ணப்பத் தாள் வாசலில் இருக்கிறது, கையெழுத்திட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.